சுழி பார்த்து வாங்க வேண்டிய கணினி



ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். மகளுக்குப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. மறுவாரம் தகப்பனாரும் மகளும் கணினிக் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் எழுதிக் கொடுத்த தாளில் நான்காயிரம் வெள்ளி. டாக்சி ஓட்டும் அந்தத் தகப்பனார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.

"தவணையில எடுத்துக்கலாம்மா" என்கிறார்.

"வேணாம்ப்பா, காலேஜ் கம்ப்யூட்டர்லயே செஞ்சுக்கிறேன்" என்கிறாள் மகள்.

இருவரும் ஒருவரை ஒருவர் எண்ணித்தான் பேசுகிறார்கள். ஆனால் தவணை இரண்டு ஆண்டுகளுக்கு வீட்டுச் செலவைக் கடித்துக்கொண்டே இருக்கும். கல்லூரிக் கணினியோ கதவு பூட்டியதும் கிடைக்காது. அனிமேஷன் மாணவர் செய்த காட்சியைக் கணினி படமாக்கி முடிக்க இரவு முழுவதும் ஓட வேண்டியிருக்கும். வீட்டில் கணினி இல்லாத பிள்ளை வகுப்பில் பின்தங்குவது திறமைக் குறைவால் அல்ல.

இங்கே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதுதான் பிறர் பயன்படுத்திய கணினி. அந்தக் காலத்தில் மாடு வாங்கப் போனவர் சுழி பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். கணினிக்கும் அந்தப் பார்வை வேண்டும்.

என்ன வேலைக்கு?

முதலில் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகைப்படம் திருத்தவும் சுவரொட்டி வடிவமைக்கவும் நல்ல திரையும் போதிய நினைவகமும் இருந்தால் பெரும்பாலும் போதும். முப்பரிமாணக் காட்சிகளைப் படமாக்கும் வேலை அப்படியல்ல. அங்கே சுமையைத் தாங்குவது கிராஃபிக்ஸ் அட்டை. ஆகவே பணத்தின் பெரும்பங்கு அதற்குத்தான் போக வேண்டும்.

மென்பொருளுக்குத் தனியாகப் பணம் தேவைப்படாமலும் போகலாம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் இலவசம். 2025ஆம் ஆண்டு சிறந்த அனிமேஷன் திரைப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற லாத்விய நாட்டுப் படமான 'ஃப்ளோ' அதில்தான் உருவானது. கல்லூரி வேறு மென்பொருளைக் கேட்டால், மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்பதை வாங்குமுன் விசாரிப்பது நல்லது.

அலுவலகம் கழித்துவிட்ட குதிரைகள்

கட்டட வடிவமைப்பாளர்களும் பொறியியல் நிறுவனங்களும் 'வொர்க்ஸ்டேஷன்' எனப்படும் உறுதியான கணினிகளைப் பயன்படுத்துகின்றன. குத்தகைக் காலமோ உத்தரவாதக் காலமோ முடிந்ததும் அவற்றை மொத்தமாக மாற்றிவிடுகின்றன. அப்படிக் கழித்துவிடப்பட்டவைதாம் இரண்டாம் கைச் சந்தைக்கு வருகின்றன. ஓடாததால் வந்தவை அல்ல, கணக்குப் புத்தகத்தில் ஆயுள் முடிந்ததால் வந்தவை.

எச்பி இசட்4 ஜி4, டெல் பிரிசிஷன் 5820, லெனோவோ திங்க்ஸ்டேஷன் பி520 ஆகியவை 2017ஆம் ஆண்டுத் தலைமுறையைச் சேர்ந்தவை. மூன்றிலும் நினைவகம் செருக 8 இடங்கள் உண்டு. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவக விலை கடுமையாக ஏறியது. ஆகவே உள்ளே 32 அல்லது 64 ஜிகாபைட் ஏற்கெனவே இருக்கும் பெட்டியே லாபம். இந்த வகைக் கணினிகளில் பெரும்பாலும் வேறு ரக நினைவகம் இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. வீட்டில் கிடக்கும் பழைய கணினியின் நினைவகத்தைக் கழற்றி இதில் போட்டால் பொருந்தாது.

இன்னும் மலிவாக, 2014ஆம் ஆண்டின் எச்பி இசட்440 போன்றவையும் கிடைக்கும். ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டது. இசட்440இன் ப்ராசசர் விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. 2017 தலைமுறையின் சியான் டபிள்யூ வகை ப்ராசசர்கள் பட்டியலில் உள்ளன. லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இது தடையல்ல. பிளெண்டர் அதிலும் ஓடும். தெரியாதவர்கள் முந்நூறு வெள்ளி மிச்சம் என்று எண்ணி வாங்கிவிட்டுப் பின்னர் திண்டாடக் கூடாது.

மெலிந்த சிறு பெட்டிகளில் வரும் சாதாரண அலுவலகக் கணினிகளையும் இந்த வேலைக்குத் தவிர்ப்பதே நலம். பெரிய கிராஃபிக்ஸ் அட்டை அதற்குள் நுழையாது. நுழைந்தாலும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் பலம் அதன் பவர் சப்ளைக்கு இருக்காது. வொர்க்ஸ்டேஷனிலும் இதைப் பார்க்க வேண்டும். டெல் 5820, 425 வாட் பவர் சப்ளையுடனும் வந்தது, 950 வாட்டுடனும் வந்தது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அட்டையின் வேகமா, கொள்ளளவா?

பலர் ஏமாறும் இடம் இது. விளையாட்டுப் பிரியர்கள் வேகத்தைப் பார்ப்பார்கள். முப்பரிமாணப் படைப்பாளர் முதலில் பார்க்க வேண்டியது அட்டையின் சொந்த நினைவகத்தை. காட்சி அதற்குள் அடங்காவிட்டால் ஒன்று வேலை பாதியில் நின்றுவிடும், அல்லது நத்தை வேகத்தில் நகரும்.

என்விடியா ஆர்டிஎக்ஸ் 3070 அட்டை, ஆர்டிஎக்ஸ் 3060ஐவிட வேகமானது. ஆனால் அதில் இருப்பது 8 ஜிகாபைட். 2021இல் வந்த 3060இல் 12 ஜிகாபைட். கனமான காட்சிகளைச் செய்யும் மாணவருக்கு மெதுவான அந்த அட்டையே உதவும். அதிலும் ஒரு கண்ணி உண்டு: 2022இன் பிற்பகுதியில் 8 ஜிகாபைட் கொண்ட 3060ஒன்றும் அதே பெயரில் வெளிவந்தது. பெயரை மட்டும் கேட்டு வாங்கக் கூடாது.

'குவாட்ரோ' என்ற பெயரைக் கேட்டும் மயங்க வேண்டாம். தொழில்முறை அட்டைதான், ஆனால் பத்தாண்டுக்கு முந்திய சிறிய குவாட்ரோ இன்றைய வேலைக்குத் திணறும். எத்தீரியம் மின்னாணயச் சுரங்க வேலை 2022 செப்டம்பரில் முடிவுக்கு வந்தபின், இரவு பகலாக ஓடிய அட்டைகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை என்று சொல்ல முடியாது. விசிறியும் வெப்பமும் சோதிக்கப்பட வேண்டியவை, அவ்வளவுதான்.

நடக்கவிட்டுப் பார்த்தல்

ஒரு விரலித் தட்டை எடுத்துச் சென்றால் கடையிலேயே சோதித்துவிடலாம். ஜிபியு-இசட் என்ற இலவச நிரல் அட்டை உண்மையானதா, நினைவகம் எவ்வளவு என்று காட்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, சேமிப்புத் தட்டு எத்தனை மணி நேரம் உழைத்திருக்கிறது என்று சொல்லும். பிளெண்டர் பெஞ்ச்மார்க்கை ஓடவிட்டால் கணினி வேலை செய்யும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பது தெரிந்துவிடும். திரை சிமிட்டினாலோ, கணினி அணைந்து மீண்டும் எழுந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பூட்டு நீங்காத கணினி, சாவி இல்லாத வீடு.

ரசீதின் மதிப்பு

சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் உள்ள கடைகளில் வாங்குவதற்கும், இணையத்தில் முன்பின் தெரியாத தனி ஒருவரிடம் வாங்குவதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 'லெமன் சட்டம்' பயன்படுத்திய பொருள்களுக்கும் பொருந்தும். கடையில் வாங்கிய 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறை, பொதுவாகப் பொருளைப் பெற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்டுவது கடைக்காரரின் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணமோ கேட்கலாம். பொருளின் வயதும் விலையும் கருத்தில் கொள்ளப்படும். வாங்கும்போதே சொல்லப்பட்ட குறைக்கு இது பொருந்தாது.

தீராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இன்றியே கேட்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றமும் இருக்கிறது. தனி மனிதர் தனி மனிதருக்கு விற்பதில் லெமன் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. ஆகவே ஐம்பது வெள்ளி கூடினாலும், அட்டையின் பெயரும் நினைவக அளவும் எழுதப்பட்ட ரசீது தரும் கடையே மேல்.

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். தகப்பனார் சட்டைப் பையில் இருக்கும் தாளைக் கிழித்துப் போட வேண்டியதில்லை. அதன் பின்புறத்தில் மகள் மூன்று வரிகள் எழுதட்டும்: என்ன வேலை, எத்தனை ஜிகாபைட், எத்தனை வாட். அதைக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கட்டும். புதிய கணினியின் பளபளப்பு இருக்காது. ஆனால் இரவு முழுவதும் அது வீட்டிலேயே ஓடும். காலையில் மகளின் படம் முடிந்திருக்கும், தகப்பனாரின் தலையில் கடனும் இருக்காது.