வளர்ப்பு நாயின் உருவப்படம்

நாயின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே. அது மறைந்தபின் வீட்டுப் பிள்ளைகள் தேடுவது அதன் படத்தை. அப்படமோ பெரும்பாலும் நின்றபடி மேலிருந்து பிடித்ததாய், தலை பெருத்துக் கால் குறுகித் தோன்றும்.

1946ஆம் ஆண்டில் நியூ யோர்க் நகரிலே கம்பளிச் சட்டையணிந்த சிறு நாயொன்றைக் கண்ட எலியட் எர்விட், கமராவை நிலத்தருகே தாழ்த்தினார். அருகில் நின்ற பெண்ணின் பாதங்களே படத்தில் விழுந்தன; நாயோ தனக்கேயுரிய கம்பீரத்துடன் நோக்குகிறது. 2023இல் மறைந்த அக்கலைஞர் நாய்களின் கவனத்தை ஈர்க்கத் தாமே குரைப்பதுமுண்டு! எல்லோர்க்கும் அது கைவராது; மெல்லிய சீழ்க்கை போதும்.

கறுப்பு நாயை வளர்ப்போர்க்குத் தொல்லை வேறு. கமராவின் ஒளிமானி எப்பொருளையும் நடுத்தரச் சாம்பல் நிறமெனக் கொள்வது. ஆதலின் ஒளியை மிகுதியாக உட்புகவிட்டு, கரிய உரோமத்தை வெளிறச் செய்துவிடும். அவ்வொளியைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். குறைத்தாற் கண்கள் இருளில் மறையுமே எனின், நாயைச் சாளரத்தின் எதிரே அமர்த்துக. சாளரவொளி கண்மணியில் வெண்புள்ளியாய் மின்னும்வரை பொறுத்திருக்க. பளிச்சொளி விளக்கு ஆகாது. நாயின் விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் அவ்வொளியைத் திருப்பியெறிய, கண்கள் பச்சையாய் எரியும். கூர்மை மூக்கிலன்று, கண்ணிலேயே அமைதல் வேண்டும்.