சொல் முந்துமா, நிரல் முந்துமா?

(குப்பத்தில் நடைபெற்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

கணினித் துறையினர் தங்களுக்குள் நெடுநாளாக நடத்திவரும் ஒரு வழக்கை இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன். அது தொழில் நுணுக்கம் பற்றியது போலத் தோன்றும். ஆயினும் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் இக்குப்பத்தில் வாழும் நமக்கும் அதில் பங்கு உண்டு.

கணினியை இயக்கும் கட்டளைத் தொகுதிக்கு நிரல் என்று பெயர். அந்நிரலை மறைத்து வைக்காமல், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தந்து வெளியிடுவதே திறமூல மென்பொருள். ஊர்ப் பொதுக்கிணறு போன்றது அது. அக்கிணற்றுக்கு இன்னொரு சகடை வேண்டும் என்று ஒருவர் கேட்கின்றார் என்று கொள்வோம். ‘முதலில் சகடையைச் செய்து கொண்டு வா, பிறகு பேசுவோம்’ என்று சொல்வது முறையா? அன்றி, ஊர் கூடிப் பேசி முடித்த பின்னரே தச்சர் உளியைக் கையில் எடுக்க வேண்டுமா? இதுவே வழக்கு.

நிரலே முதலில் வேண்டும் என்போர் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. திறமூலப் பணியாளரிற் பலர் கூலி பெறாத தொண்டர்கள். கேட்பவர் நூறு பேர். செய்பவர் ஒருவர் இருவர். லினக்சு இயங்குதளத்தை உருவாக்கிய லினசு தோர்வால்ட்சு, பேச்சு மலிவானது, நிரலைக் காட்டுக என்னும் கருத்தை 2000ஆம் ஆண்டில் எழுதினார். அவரது சலிப்பு நமக்கும் விளங்கக்கூடியதே. ஆனால் அவரே 1991 ஆகஸ்ட் 25 அன்று, தாம் தொடங்கியிருந்த பணியைப் பற்றி மினிக்சு பயன்படுத்துவோர்க்கு எழுதி, எவ்வெவ் வசதிகள் வேண்டும் என்று கேட்டார். நிரலின் முதற் பதிப்பு செப்டம்பரில்தான் வெளிவந்தது. கேள்வி முந்தியது, நிரலின் வெளியீடு பிந்தியது.

பைத்தான் என்னும் கணினி மொழியை வளர்ப்போர் 2000ஆம் ஆண்டு முதல் முன்மொழிவு முறை ஒன்றைக் கையாண்டு வருகின்றனர். கருத்தை முதலில் பொதுவில் வைத்து ஆராய வேண்டும். பின்னரே முன்மொழிவை எழுத வேண்டும். முன்மொழிவை ஏற்பதற்கு முன் மாதிரி நிரல் முற்றுப்பெற்றிருக்க வேண்டுவதில்லை. ஆயின் இறுதி முத்திரை பெறுவதற்கு நிரல் முற்றுப்பெற்றே தீர வேண்டும். பேச்சுக்கும் செயலுக்கும் அவரவர்க்கு உரிய இடத்தை வகுத்த நல்ல நெறி இது.

நம் தமிழ் எழுத்தின் வரலாற்றிலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. ணா, லை போன்ற எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றி, சீர்திருத்திய எழுத்துகளைப் பெரியார் 1935இல் தம் ‘குடி அரசு’ இதழில் அச்சிடத் தொடங்கினார். எவரது இசைவுக்கும் அவர் காத்திருக்கவில்லை. தமிழ்நாட்டு அரசு 13 எழுத்துகளின் புதிய வடிவை ஏற்றது 1978இல். இடையில் 43 ஆண்டுகள்! செயல் முந்தியதால் வாசகர் கண் பழகியது. எவரையும் அது கட்டுப்படுத்தவில்லை. விரும்பாதவர் பழைய வடிவிலேயே அச்சிட்டு வந்தனர்.

மற்றொன்றைக் காண்போம். உலக எழுத்துகள் அனைத்துக்கும் கணினியில் எண் வழங்கும் ஏற்பாடு ஒருங்குறி. அதில் ஓர் எழுத்தை ஒருமுறை சேர்த்துவிட்டால் பின்னர் நீக்குவதில்லை என்பது விதி. 2010இல் கிரந்த எழுத்துகளைத் தமிழ்ப் பகுதியோடு சேர்க்கும் முன்மொழிவு ஒன்று வந்தது. தமிழார்வலரிடையே பெரும் வாதம் மூண்டது. தமிழ்நாட்டு அரசும் ஆராய்வதற்குக் காலம் கேட்டது. அவை தமிழ்ப் பகுதியிற் சேரவில்லை. 2014இல் வந்த 7.0 பதிப்பில் கிரந்தத்துக்குத் தனிப் பகுதி அமைந்தது. இங்கே செய்து முடித்த பின் பேசியிருந்தால் என்ன பயன்? திருத்திக் கொள்ளக் கூடியதைச் செய்து பார்க்கலாம். திரும்பப் பெற முடியாததைப் பேசித்தான் தொடங்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் தெலுங்கு எழுத்துக் கற்கும் பிள்ளைகள் நம்மிடையே உள்ளனர். தெலுங்கு எழுத்தின் துணைகொண்டு தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் செயலி வேண்டும் என்று ஒரு தாய் கேட்பதாக வைத்துக்கொள்வோம். நிரல் எங்கே என்று கேட்டால் அந்த அம்மையார் வாய் மூடிக் கொள்வார். அதனால் இழப்பு அவருக்கு மட்டுமன்று. ‘காகம்’ என்னும் சொல்லில் முதலில் வரும் ககரத்தின் ஒலி வேறு. இடையில் வரும் ககரத்தின் ஒலி வேறு. தமிழில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. தெலுங்கில் தனித்தனி எழுத்து உண்டு. எழுத்துக்கு எழுத்து மாற்றும் நிரல் இங்கே பிழை செய்யும். தாயின் காது அப்பிழையை உடனே கண்டுவிடும். அந்தக் காதை வாயிலிலேயே நிறுத்திவிட்டுச் செயலி செய்வது அறிவுடைமையாகுமா?

ஆதலின், தேவையைச் சொல்ல வருபவரிடம் நிரல் கேட்க வேண்டா. ஆனால் அவரும் வெறுங்கையுடன் வருதல் ஆகாது. யாருக்குத் தேவை, இன்று எவ்வாறு சமாளிக்கின்றனர், எங்கே தடை என்பதை எழுதிக் கொண்டு வரட்டும். பிழையாகும் பத்துச் சொற்களைக் காட்டட்டும். செய்து தந்தால் பயன்படுத்திப் பார்த்துக் குறை சொல்வேன் என்று வாக்களிக்கட்டும். தொண்டரின் காலத்துக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.

நான்கு தென்மாநில அரசுகளின் ஒத்துழைப்போடு 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் எழுந்த ஊர் இது. இங்கே மொழி அறிந்தோரும் உளர். கணினி பயிலும் இளைஞரும் உளர். நம் சங்கம் ஒரு குறிப்பேடு வைக்கட்டும். தாய்மார்கள் தம் தேவைகளை அதில் எழுதட்டும். திங்கள்தோறும் ஒருநாள் இளைஞர்கள் அவர்களோடு அமர்ந்து அதனைப் படிக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் ஒரு சிறு செயலியேனும் இம்மேடையில் இயங்கிக் காட்டுமாயின், அதுவே இவ்வழக்குக்கு நாம் எழுதும் தீர்ப்பாகும்.