அஞ்சு நாள் மழைக் கணக்கு: கானாத்து வெள்ளத்தை முன்கூட்டியே கணிப்பது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். ஊருக்குள்ள லேசான தூறல்தான் இருக்கும், ஆனா கானாத்துல திடீர்னு செந்தண்ணி பாயும். மழை மேல மலையில பெய்ஞ்சிருக்கும். அந்தத் தண்ணி எவ்வளவு வரும்னு முன்னாடியே கணக்குப் போட முடியுமா? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

இமயமலை ஆறுகள்ல பனி உருகி வர்ற தண்ணியும் சேரும். அதனால அங்க வெப்பநிலையையும் கணக்குல எடுத்துக்கணும். நம்ம ஜவ்வாது மலை, ஏலகிரி எல்லாம் சுமார் ஆயிரம் மீட்டர் உயரம்தான். இங்க கேள்வி ஒண்ணுதான்: பெய்ஞ்ச மழையில மண்ணு எவ்வளவு குடிக்கும், மீதி எவ்வளவு ஓடும்?

முதல்ல எந்தச் சரிவு எந்த ஆத்துக்குன்னு பிரிக்கணும். ஜவ்வாது மலையோட வடக்குச் சரிவுத் தண்ணி பாலாத்துக்குப் போகுது. ஆண்டியப்பனூர் பக்கம் இறங்குறது பாம்பாறு வழியா தென்பெண்ணைக்குப் போகுது.

அடுத்து, 'கர்வ் நம்பர்' முறை. அமெரிக்காவுல 1950-கள்ல உருவானது, இந்தியாவுலயும் பரவலாப் பயன்படுது. மண்ணோட தன்மை, காடு, விவசாய நிலம் இதையெல்லாம் பார்த்து 100-க்குள்ள ஒரு எண் கொடுப்பாங்க. எண் கூடினா ஓடுற தண்ணியும் கூடும்.

ஒரு சரிவோட எண் 70-னு வச்சுக்குவோம். 100 மி.மீ. மழை பெய்ஞ்சா சுமார் 33 மி.மீ. ஓடி வரும். அதே சரிவு முந்தின மழையில ஊறிப்போயிருந்தா, எண் 85 ஆயிடும். இப்போ ஓடுறது சுமார் 61 மி.மீ. அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு 3.3 கோடி லிட்டர் வர்ற இடத்துல 6.1 கோடி லிட்டர். அதே மழைக்கு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தண்ணி!

2021 நவம்பர்ல பாலாத்துல வந்த பெருவெள்ளமும் தொடர் மழைக்குப் பிறகு வந்ததுதான். அதனால "இன்னைக்கு எவ்வளவு மழை?"ன்னு மட்டும் கேட்டா போதாது. இந்த முறையில முந்தின அஞ்சு நாள் மழையையும் கூட்டிப் பார்ப்பாங்க.

ஒரு எச்சரிக்கை. மேல ஒரு ஏரி உடைஞ்சா இந்தக் கணக்கு செல்லாது. 1903 நவம்பர்ல வாணியம்பாடியை அழிச்ச வெள்ளத்துல, மைசூர் பகுதியில ஏரிகள் உடைஞ்ச தண்ணியும் சேர்ந்திருந்தது.

செங்குத்தான சரிவுல தண்ணி வேகமா இறங்கிடும். ஊருக்குள்ள இருக்கிற மழைமானி மலை மழையைக் காட்டாது. அதனால மழைமானி மலை மேலயும் இருக்கணும். கானாத்துக் கரையில குடியிருக்கிறவங்களுக்கு வீட்டைவிட்டு வெளியேற நேரம் கிடைக்கணும்னா, கணக்கு மலையிலயே தொடங்கணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.