வாக்குக் கேட்பவரின் வாக்கு

1956 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே கல்முனைத் தொகுதி மக்கள் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரைத் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற முழக்கம் நாடெங்கும் ஒலித்த காலம் அது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் அக்கட்சிக்கு வாக்களித்ததன் கருத்து வெளிப்படையானது. பொத்துவில் தொகுதியிலும் எம். எம். முஸ்தபா அதே கட்சியின் பெயராலே வென்றார். ஆயின், அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுள் முடியுமுன்னரே இருவரும் அரசாங்கப் பக்கம் சேர்ந்துவிட்டனர். 1960 ஜூலைத் தேர்தலிலே தமிழரசுக் கட்சி எம். சி. அகமதை நிறுத்தியது. கல்முனை மக்கள் அவரைத் தெரிவு செய்தனர். பின்னர் அவரும் அரசாங்கக் கட்சியை அடைந்தார்.

கட்சி மாறியவருக்கு வாக்கே இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடுவது எளிது. மாறியவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. இக்கரையோர ஊர்களின் வயல்கள் கல்லோயா நீரை நம்பியவை. வாய்க்காலைத் திருத்தவும், பாடசாலைக்கு ஒரு கட்டடம் பெறவும் அமைச்சரின் கதவைத்தான் தட்டவேண்டும். எதிரணியில் அமர்ந்து கொண்டு எதைப் பெற்றுத் தருவது என்று அவர்கள் கேட்டனர். கேள்வி தள்ளத்தக்கதன்று. ஆனால், வென்ற பின்னர் நல்லதாகத் தோன்றிய அந்த நியாயம், வாக்குக் கேட்ட நாளிலும் நல்லதாகவே இருந்திருக்கும் அன்றோ? அதை மேடையிலே சொல்லாமல் மறைத்தது ஏன்? வாக்காளர் நோக்கவேண்டியது மாற்றத்தை அன்று. அதன் காரணம் எப்பொழுது, யாரிடம் சொல்லப்பட்டது என்பதையே.

காரியப்பரின் வரலாற்றிலே இன்னொரு பாடமும் உண்டு. இலஞ்சக் குற்றச்சாட்டுகளை விசாரித்த தல்கொடபிட்டிய ஆணைக்குழு அவருக்கு எதிராக முடிவு தெரிவித்திருந்தது. அதன் பின்னரும், 1965 இல் கல்முனை அவரை மீண்டும் தெரிவு செய்தது. அவ்வாண்டிலேயே நிறைவேறிய ஒரு விசேட சட்டம் அவரது குடியியல் உரிமைகளை ஏழு ஆண்டுகளுக்குப் பறித்தது; ஆசனமும் போயிற்று. அவர் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று வாதாடினார். சட்டம் செல்லுமென 1967 இல் தீர்ப்பாயிற்று. மக்கள் அறியாது வாக்களித்தார்கள் என்று சொல்ல இயலாது. ஊருக்கு உதவியவர் என்னும் நன்றி அவர்களை இழுத்திருக்கும். நன்றி உயர்ந்த குணந்தான். ஆயினும் அதைச் செலுத்த வேறு வழிகள் பல உள. பொதுப் பணத்தின் திறவுகோலை மறுபடியும் ஒருவர் கையிலே கொடுப்பது நன்றிக்கடனைச் சேர்ந்ததன்று.

சம்மாந்துறையிற் பிறந்து கல்முனையிலே வளர்ந்த எம். எச். எம். அஷ்ரப்பும் மாறியவரே. 1977 இல் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியின் சார்பிலே தமிழர் விடுதலைக் கூட்டணியோடு நின்று தமிழீழத்துக்காக மேடைகளிலே முழங்கினார். அத்தேர்தலிலே கல்முனையில் வென்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் ஏ. ஆர். மன்சூர். பின்னர் அஷ்ரப் தனிவழி கண்டு முஸ்லிம் காங்கிரசை வளர்த்தார். அவர் பழைய வழியை விட்டது பகிரங்கமாக. வேறொரு சின்னத்தில் வென்றுவிட்டு ஆசனத்தோடு அகன்றாரல்லர். 1989 இல் தம் கட்சியின் சார்பிலேயே பாராளுமன்றம் சென்றார். 1994 உள்ளூராட்சித் தேர்தலின்போது, தாம் குறித்த சபைகளைத் தம் கட்சி வெல்லாவிடின் உறுப்பினர் பதவியைத் துறப்பதாகக் கூறினார். எல்லாம் கிட்டவில்லை, அவர் துறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் மக்கள் அவரைத் திரும்ப அனுப்பினர். அவருடைய அரசியலை ஏற்காதவரும் இதனை மறுப்பதில்லை.

2020 ஒக்டோபர் 22 இல் அரசியலமைப்பின் இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. கொவிட் நோயால் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள், உறவினர் கதறக் கதற, எரிக்கப்பட்ட மாதங்கள் அவை. எதிரணிப் பட்டியலிலே வாக்குப் பெற்று வந்த முஸ்லிம் காங்கிரஸ் உறுப்பினர்கள் அன்று ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கும் திருத்தத்துக்கு ஆதரவளித்தனர். அவர்களின் தலைவர் எதிர்த்து வாக்களித்தார். அடக்கம் செய்வதற்கான அனுமதி 2021 பெப்ரவரியிலேதான் கிடைத்தது. ஆதரித்தவர்கள் அன்று கூறிய காரணங்களையும் பின்னர் கூறியவற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வாக்காளரின் உரிமை. யார் எப்பக்கம் வாக்களித்தார் என்பது ஹன்சாட் ஏட்டிலே பெயர் பெயராக அச்சாகிறது. வீட்டுக்கு வீடு வரும் துண்டுப்பிரசுரத்தைவிட அந்த ஏடு நம்பத்தக்கது. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டப்படி, முடிவு வெளியான இருபத்தொரு நாளுக்குள் வேட்பாளர் தம் தேர்தற் செலவுக் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்ப்பவர் மிகச் சிலர்.

‘ஊருக்கு ஒரு எம்.பி.’ என்ற கோஷம் இப்பகுதியிலே பெருஞ் செல்வாக்குடையது. நம்மூரவர் என்றவுடன் மற்றைக் கேள்விகளெல்லாம் வாயடைத்துப் போகின்றன. திகாமடுல்ல மாவட்டத்திலே ஒரு கட்சிக்கு வாக்களிப்பவர் அப்பட்டியலில் மூவர் வரையிலே விருப்பு வாக்கு அளிக்கலாம். மூன்றும் ஒரே ஊருக்குள் அடங்கவேண்டும் என்பது சட்டமன்று. வாக்கு ஓர் அமானிதம் என்று பள்ளிவாசல்களிலே கூறப்படுவதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, வாக்குச்சாவடியிலே ஊர்ப்பெயரை மட்டும் தேடுவது விந்தைதான்.

சாய்ந்தமருது மக்கள் தனி உள்ளூராட்சி சபை கேட்டுப் பல்லாண்டு போராடினர். 2018 இலே கட்சிகளைத் தள்ளிச் சுயேச்சைக் குழுவுக்கு வாக்களித்துக் காட்டினர். 2020 பெப்ரவரியிலே நகர சபைக்கான வர்த்தமானி வெளிவந்தது. சில நாள்களிலேயே மீளப்பெறப்பட்டது. கல்முனையிலோ பிரிப்பதற்கு எதிரான அச்சம் வலுவானது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தமிழர் கேட்கின்றனர். முஸ்லிம்களிற் பலர் மறுக்கின்றனர். இங்கே ஒரு வேட்பாளர் சாய்ந்தமருதிலே ஒன்றும், கல்முனைக்குடியிலே ஒன்றும், பாண்டிருப்பிலே தமிழரிடம் வேறொன்றும் சொல்லக்கூடும். முன்னாளிலே அது வெளிவர மாதங்கள் சென்றன. இன்று மாலையிலே ஓரூரில் பேசியது இரவுச் சாப்பாட்டுக்கு முன் மற்றையூரின் கைப்பேசிகளிலே கேட்கிறது. மூன்று ஊர்களிலும் அவரிடம் அதே கேள்வியை அதே சொற்களால் கேட்கட்டும். விடைகளை எழுதியும் வைத்துக்கொள்ளட்டும். அடுத்த தேர்தலிலும் அவர் வருவார்.