ஸ்காட்ஸ்பரோ வழக்கு கற்பிக்கும் பாடம்



கல்வி எதற்கு என்று கேட்போருக்கு உத்தியோகத்தையே நாம் பெரும்பாலும் விடையாகச் சொல்லி வருகிறோம். வேறொரு விடையும் உண்டு. அதனை அமெரிக்க வழக்கொன்றைக் கொண்டு விளக்க விழைகிறோம்.

1931 மார்ச் 25ஆம் நாள், அலபாமா மாநிலத்தில் சரக்கு இரயிலில் சென்ற ஒன்பது கறுப்பின இளைஞர்கள் பிடிக்கப்பட்டனர். வெள்ளைப் பெண்கள் இருவரைக் கற்பழித்தனர் என்பது அவர்கள்மீது சுமத்தப்பட்ட குற்றம். ஜாக்சன் கவுண்டியின் தலைமையிடமான ஸ்காட்ஸ்பரோவில் ஏப்ரல் 6ஆம் நாள் விசாரணை தொடங்கிற்று. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரிகளின் முடிவின்படி, சில நாட்களிலேயே எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மிக இளைய சிறுவன் ஒருவனது வழக்கில் மட்டும் ஜூரிகள் ஒருமனப்படவில்லை.

மாநில உச்ச நீதிமன்றம் எழுவரின் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் 1932 நவம்பர் 7ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை நீக்கிற்று. குற்றம் நடந்ததா என்று அது ஆராயவில்லை. உயிர் போகும் வழக்கில் இவர்களுக்கு முறையான வழக்கறிஞர் இருந்தாரா என்றே கேட்டது. விசாரணை நாள் காலை வரை பொறுப்பேற்றவர் எவருமில்லை என்பதை வழக்குக் கட்டே காட்டிற்று.

1933இல் மறுவிசாரணை நடந்தபோது, அப்பெண்களுள் ஒருவரே குற்றம் நிகழவில்லை என்று சாட்சியமளித்தார். ஆயினும் மீண்டும் மரண தண்டனையே கிடைத்தது. அம்முடிவைத் தள்ளிய நீதிபதி ஹார்ட்டன் மறு ஆண்டுத் தேர்தலில் பதவியிழந்தார். பின்னும் தண்டனை, பின்னும் மேல்முறையீடு. ஜூரிப் பதிவேட்டில் கறுப்பினத்தார் பெயர்கள் பின்னர் நுழைக்கப்பட்டவை என்று எதிரிகள் தரப்பு சான்று காட்டிற்று. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அப்பதிவேட்டையே வாங்கிப் பார்த்தனர். ஜூரியிலிருந்து ஓரினத்தை விலக்குதல் செல்லாது என்று 1935இல் தீர்ப்பாயிற்று.

1937இல் நால்வர் விடுதலை பெற்றனர். எஞ்சியோர் மேலும் பல்லாண்டு சிறையில் வாடினர். அவர்களுள் மூவருக்கு 2013இல், இறந்த பின்னரே மன்னிப்பு வழங்கப்பட்டது. மேல்முறையீடு உயிரைக் காத்தது. இழந்த இளமையை மீட்டுத் தரவில்லை.

ஆகவே முதல் நீதிமன்றத்திலேயே நாம் விழித்திருத்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமையை வழங்குகிறது. சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலைக் கட்டணமின்றி உடனே தருதல் வேண்டும். மேல்முறையீட்டுக்கு நாட்கணக்கு உண்டு. தவறினால் தாமதத்திற்குக் காரணம் காட்டி நிற்க நேரும்.

மேல் நீதிமன்றம் பெரும்பாலும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. கீழே எழுதப்பட்ட தாளையே பார்க்கிறது. அத்தாளை வாசித்து, விடுபட்டதைச் சுட்டிக்காட்ட வல்ல ஓர் இளைஞரேனும் நம் சேரிதோறும் இருத்தல் வேண்டும். கல்வி எதற்கு என்பதற்கு இதுவும் நமது விடை.