பெயர் சொல்லிப் பரிமாறுவோம்

(ரமலானை வரவேற்கும் முகமாக ஷஅபான் மாதத்தில் நமது பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற மஹல்லா பொதுக்கூட்டத்தில், ஓய்வு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



30 ஆண்டுகளுக்கு மேல் மருந்துகளோடு பழகியவன் நான். மேடையோடு பழகியவன் அல்லன். எனவே சுற்றி வளைக்காமல் என் வீட்டுச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பேரனுக்கு இப்போது 7 வயது. அவனுக்கு 3 வயதாக இருந்தபோது, நோன்புப் பெருநாள் காலையில் தொழுகை முடித்து உறவினர் இல்லங்களுக்குச் சென்று கொண்டிருந்தோம். ஓரில்லத்தில் அன்போடு பால் சேமியா தந்தார்கள். முந்திரியும் பிஸ்தாவும் நிறைந்த சேமியா. இரண்டு கரண்டி உண்டிருப்பான். பத்து நிமிடங்களுக்குள் உதடு வீங்கிற்று, உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன, வாந்தி எடுத்தான், பிறகு குரல் கம்மி, மூச்சு இழுக்கத் தொடங்கியது. புத்தாடை உடுத்திய பிள்ளைக்குக் கண்ணேறு பட்டுவிட்டது என்றார் ஒருவர். மிளகாய் சுற்றிப் போட அடுக்களைக்கு ஓடினார் மற்றொருவர். அவர்களைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. வாழ்நாளை மருந்துகளுக்கிடையே கழித்த நானே, முதல் சில நிமிடங்களை அரிப்புக்கான மாத்திரை தேடுவதில் வீணாக்கினேன். மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் பிள்ளைக்கு மூச்சு சீரானது. அல்ஹம்துலில்லாஹ்.

இதற்குப் பெயர் உணவு ஒவ்வாமை. உடலின் நோய் எதிர்ப்பாற்றல், தீங்கற்ற ஓர் உணவிலுள்ள புரதத்தைப் பகைவனாக எண்ணிப் போர் தொடுப்பதே இது. பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம், எள், மீன், இறால் ஆகியவற்றால் இது அதிகம் நேர்கிறது. பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். வேர்க்கடலை, முந்திரி போன்றவற்றின் ஒவ்வாமை பெரும்பாலும் உடன் தங்கிவிடும். முந்திரி ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அதன் நெருங்கிய உறவான பிஸ்தாவும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை.

"கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள், சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இலண்டனில் 640 கைக்குழந்தைகளிடம் நடத்தி 2015 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு, வேர்க்கடலையை முதல் வயதிலேயே உணவில் சேர்த்தால் ஒவ்வாமை வருவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது உண்மைதான். ஆனால் அது வருமுன் காப்பது. வந்துவிட்ட பிள்ளைக்கு வீட்டிலோ விருந்திலோ நாமே ஊட்டிப் பழக்குவது உயிரோடு விளையாடுவது. அது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டியது.

நான் இன்று பேச எழுந்தது அந்தப் பெருநாளைப் பற்றியன்று. அதன் பிறகு வந்த பெருநாள்களைப் பற்றி. அச்சத்தால் அவனை எந்த விருந்துக்கும் அழைத்துச் செல்வதை நிறுத்திவிட்டோம். சென்ற ஆண்டு மதரஸா ஆண்டு விழாவுக்கு மட்டும் அழைத்து வந்தேன். கிராஅத் ஓதிப் பரிசும் பெற்றான். பிறகு சஹன்கள் விரிக்கப்பட்டன. அவனோடு ஓதும் பிள்ளைகள் நால்வர் நால்வராக அமர்ந்தார்கள். "என்னை எந்த சஹன்ல உட்கார வைப்பாங்க நன்னா?" என்று கேட்டான். ஒரே தட்டில் பல கைகள் படும் சஹனில் அவனை எப்படி அமர்த்துவது? பதில் சொல்லாமல் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

ஹஜ்ரத் அவர்களின் முன்னிலையில் நான் ஹதீஸ் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. பிழையிருந்தால் திருத்துவார்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் பொரித்த உடும்பு பரிமாறப்பட்ட நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கை நீட்டியபோது, அது இன்னதென்று தெரிவித்துவிடுமாறு அங்கிருந்த பெண்மணி ஒருவர் கூறினார். உடனே அண்ணலார் கையை எடுத்துக்கொண்டார்கள். அது விலக்கப்பட்டதா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் ஊரில் வழக்கமில்லாததால் தமக்கு ஒப்பவில்லை என்று அண்ணலார் விளக்கினார்கள். காலித் (ரலி) அதை உண்டார்கள். அண்ணலார் உடனிருந்து பார்த்துக் கொண்டிருந்தார்கள். ஓர் உணவு இன்னதென்று பெயர் சொல்லப்படும் வரை அண்ணலார் அதில் கை வைப்பது அரிது என்ற குறிப்பும் அதே அறிவிப்பில் உள்ளது. உண்ணாதவரை யாரும் வற்புறுத்தவில்லை. உண்ணாதவர் எழுந்து போகவும் இல்லை. நமது விருந்துகளில் இவ்விரண்டுமே நடக்கின்றன.

பெயர் சொல்லிப் பரிமாறுவது எளிது போலத் தோன்றும். நமது அடுக்களையில் அது அத்தனை எளிதன்று. கடையில் விற்கும் பொட்டலத்தில் பால், முட்டை, கொட்டைப் பருப்பு போன்றவை இருந்தால் அச்சிட வேண்டும் என்பது 2020 ஆம் ஆண்டின் உணவு விவரச்சீட்டு விதி. நம் தேக்சாவில் எந்தச் சீட்டும் ஒட்டப்படுவதில்லை. வட்டிலப்பத்தில் முட்டை இருப்பது நமக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்த மருமகளுக்குத் தெரியுமா? பிரியாணி மசாலாவில் சிலர் முந்திரியை அரைத்துச் சேர்ப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. நோன்புக் கஞ்சி அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால், கறி என்ற அளவில் என் பேரனுக்கு ஏற்றதே. அதில் ஒருவர் நன்மை நாடி நெய்யில் வறுத்த முந்திரியைக் கொட்டிவிட்டால் கஞ்சி முழுவதும் அவனுக்கு விலக்காகிவிடும்.

மொழியும் நம்மை ஏமாற்றும். "என் பிள்ளைக்குக் கடலை ஆகாது" என்று ஒரு தாய் சொன்னால், பண்டாரி கடலை மாவை ஒதுக்கிவிட்டு, வேர்க்கடலையைத் தூவிவிடலாம். ஆகவே வேர்க்கடலையா, கடலைப்பருப்பா என்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். எண்ணெயிலும் இதே சிக்கல். நன்கு சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் மிக மிகச் சொற்பம். இப்போது பலரும் விரும்பி வாங்கும் செக்கெண்ணெயில் அது தங்கியிருக்கும். இறால் வடை பொரித்த எண்ணெயில் சமோசாவைப் பொரித்தாலும், முந்திரி கிளறிய கரண்டியை அடுத்த பாத்திரத்தில் விட்டாலும் கேடுதான்.

நிர்வாகத்திடம் நான் வேண்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. இஃப்தாருக்கும் பெருநாள் விருந்துக்கும் என்னென்ன சேர்த்துச் சமைத்தோம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். கொட்டைப் பருப்பு சேராத ஒரு சிறு தேக்சாவை, மற்றவற்றைத் தொடுமுன் முதலில் சமைத்து, மூடி, தனிக் கரண்டியோடு வையுங்கள். மதரஸாப் பிள்ளைகளுக்கு வழங்கும் மிக்சர், லட்டுப் பொட்டலத்திற்குப் பதிலாகப் பேனா, நோட்டு கொடுத்தால் என்ன? பெருநாள் காசு கொடுக்கும் அழகிய வழக்கம் நம்மிடம் முன்பே உண்டு. அதில் எந்தப் பிள்ளைக்கும் ஒவ்வாமை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை!

ஆனால் அந்தப் பிள்ளையைத் தனித்தட்டோடு மூலையில் அமர்த்திவிடாதீர்கள். அவன் தோழர்கள் மூவர், சோப்பிட்டுக் கைகழுவிவிட்டு, அவன் உண்ணும் அதே உணவை அவனோடு ஒரே சஹனில் உண்ணட்டும். கைக்குப் பூசும் கிருமிநாசினித் திரவம் இதற்குப் போதாது. சோப்பும் தண்ணீரும் வேண்டும். தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: "ஒரு வாய்தானே" என்று அன்பு மிகுதியால் யார் பிள்ளைக்கும் ஊட்டிவிடாதீர்கள். பெற்றோரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

அத்தனைக்கும் பிறகு தவறு நேரலாம். உணவுண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் தடிப்போடு வாந்தியோ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ வந்தால் மாத்திரையை நம்பிக் காத்திருக்காதீர்கள். அரிப்பைத் தணிக்கும் மாத்திரை மூச்சுக்குழலைத் திறக்காது. மருத்துவர் அட்ரினலின் ஊசி கொடுத்து வைத்திருந்தால் தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போட வேண்டும். 108க்கு அழையுங்கள். பிள்ளையை நடக்க விடாமல் படுக்க வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்த்து அமர்த்துங்கள். தெளிந்துவிட்டான் என்று வீட்டுக்குத் தூக்கி வந்துவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும்.

இங்கு வருமுன் பண்டாரி பாயிடம் பேசினேன். முந்திரி போடாவிட்டால் சுவை குறையுமே என்று முதலில் தயங்கினார். விவரம் சொன்னதும், "அந்தத் தேக்சாவை நானே கிளறுகிறேன், வேறு யாரையும் தொட விடமாட்டேன்" என்றார். அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக! இத்தகைய பிள்ளைகள் நமது மஹல்லாவில் இன்னும் எத்தனை பேர் என்பதை அறிய, பெற்றோர் மதரஸா உஸ்தாதிடம் பெயர் கொடுக்க வேண்டுகிறேன். வரும் பெருநாளில் என் பேரன் எந்த சஹனில் அமர்வான் என்று விழாக் குழுவினர் முன்கூட்டியே தெரிவித்தால், இன்ஷா அல்லாஹ், அவனிடம் சொல்லிவிடுகிறேன்.