படமும் பேசும், பிள்ளையும் பேசட்டும்

(கெடா மாநிலத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விடியுமுன் எழுந்து, பால்மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஓய்வு கொள்ளவேண்டிய பிற்பகலில் பிள்ளைகளின் கல்விக்காக இங்கே கூடியிருக்கிறீர்கள். ஆகவே ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். அது, ஒன்றாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குரிய படக்கதை நூல். 'படம் பார்ப்பது படிப்பாகுமா?' என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே எண்ணினேன். அதனால் செய்த பிழையையே முதலில் கூறிவிடுகிறேன்.

என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். பள்ளி திறந்து மூன்று மாதங்களாகியும் அவன் பேசி நான் கேட்டதில்லை. ஒரு நாள் படக்கதை நூல் ஒன்றை விரித்து, சேவல் கூவியதாகக் கூறும் வரியை வாசிக்கச் சொன்னேன். அவன் எழுத்தைப் பார்க்கவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல, "சார், அந்த வீட்டுல விளக்கு எரியுது. அம்மா எழுந்துட்டாங்க" என்றான். "அது புத்தகத்தில் இல்லை. எழுத்தைப் பார்த்துப் படி" என்று அதட்டினேன். அவன் வாய் மூடிக்கொண்டான்.

அன்று மாலை அந்தப் பக்கத்தை மீண்டும் புரட்டினேன். இருண்ட வானத்தின் கீழே ஒரு சிறு வீடு. அதன் சன்னலில் மஞ்சள் வெளிச்சம். அவன் சொன்னது முற்றிலும் உண்மை. பிரட்டுக்குப் போவதற்காக இருட்டிலேயே எழுந்து விளக்கேற்றும் தாயின் மகன் அவன். எழுத்தறிந்த நான் காணாததை எழுத்தறியாத அவன் கண்டிருந்தான். அவனை மீண்டும் பேச வைக்க எனக்கு அந்த ஆண்டு முழுவதும் தேவைப்பட்டது.

நண்பர்களே, நம் தமிழுக்கு இரு வழக்குகள் உண்டு. வீட்டிலே பிள்ளை 'வந்துச்சு' என்கிறது. நூலோ 'வந்தது' என்கிறது. பால் வடியும் பாத்திரத்தைத் தோட்டத்திலே 'மங்கு' என்கிறோம். நூலிலே அது 'கிண்ணம்' ஆகிவிடுகிறது. ஏழு வயதுக் குழந்தைக்குப் புத்தகத் தமிழ் கிட்டத்தட்ட மற்றொரு மொழியே. இவ்விரண்டுக்கும் இடையே பாலமாக நிற்பது படம். படத்தைப் பார்த்துத் தன் மொழியில் பேசத் தொடங்கும் பிள்ளை, அதே படத்தின் வழியே நூலின் மொழிக்கு ஏறிச் செல்கிறது. பாலத்தை எடுத்துவிட்டு, 'அக்கரைக்குத் தாண்டு' என்று சொன்னால் பிள்ளை என்ன செய்யும்?

இது புதிய கருத்தன்று. கொமேனியஸ் என்னும் ஐரோப்பியக் கல்வியறிஞர் 1658ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் நூரன்பர்க் நகரில் பிள்ளைகளுக்கென ஒரு படநூலை வெளியிட்டார். படத்திலுள்ள பொருள்களுக்கு எண்களிட்டு, அதே எண்களைச் சொற்களுக்கும் இட்டு, கண்ணால் கண்டதைச் சொல்லோடு இணைத்தார். நம் மலாயாவில், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தால் தோட்டங்களில் பள்ளிகள் ஏற்பட்டன. ஆயினும் அக்காலப் பிள்ளைகள் பெரும்பாலும் தமிழகத்து நூல்களையே படித்தனர். அவற்றில் ஏர் உண்டு, கிணறு உண்டு; பால்மரமும் உளியும் காண்டாவாளியும் இல்லை. தன் வீட்டைப் புத்தகத்தில் ஒருநாளும் காணாத பிள்ளை, புத்தகம் தனக்குரியதன்று என்று எண்ணுவது இயல்புதானே?

இனி, நல்ல படக்கதை நூலைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். முதலில் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் புரட்டுங்கள். கதை ஓரளவு விளங்கினால் அது நல்ல நூல். அடுத்து, படத்தை விட்டுவிட்டு வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடுமாறாமல் ஓடவேண்டும். பக்கத்திற்கு ஓரிரு வரிகளே இருக்கவேண்டும். நீண்ட கூட்டுச்சொற்கள் மலிந்த நூல் தொடக்க வகுப்புக்கு ஆகாது. எழுத்து பெரிதாகவும் இடைவெளி விட்டும் அச்சாகியிருக்கவேண்டும். பிள்ளை அறிந்த உலகத்தைக் காட்டும் நூலும் வேண்டும். பனிமலையும் பாலைவனமும் காட்டும் நூலும் வேண்டும். இறுதிப் பக்கத்தில் நீதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சிரிக்க வைக்கும் நூலைத்தான் பிள்ளை மறுபடியும் கேட்கும்.

நூலைப் பயன்படுத்தும் முறை அதனினும் முக்கியமானது. அட்டையைக் காட்டி, 'என்ன நடக்கப் போகிறது?' என்று கேளுங்கள். கேட்டபின் காத்திருங்கள், உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை, "நாய் ஓடுது" என்றால், "ஆம், கறுப்பு நாய் வேகமாக ஓடுகிறது" என்று சற்றே நீட்டிச் சொல்லுங்கள். திருத்தியதாகவும் தோன்றாது, நூல் வழக்கும் காதில் விழும். அமெரிக்க ஆய்வாளர் வைட்ஹர்ஸ்ட்டும் அவர்தம் குழுவினரும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதி செய்கிறது. ஒரு மாத காலம் பெற்றோர் இவ்வாறு கேள்வி கேட்டு, விடையை விரித்துப் பேசிய குழந்தைகள், வெறுமனே வாசிக்கக் கேட்ட குழந்தைகளைவிடப் பேச்சுத் திறனில் முந்தினர்.

முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் சிறிய நூலை எல்லாரும் காண இயலாது. நியூசிலாந்தில் டான் ஹோல்டவே என்னும் கல்வியாளர் மிகப் பெரிய அளவில் நூலைச் செய்து, அனைவரையும் சுற்றி அமரவைத்து, சொற்களைக் கோலால் சுட்டி வாசிக்கும் முறையைப் பரப்பினார். மணிலா அட்டையும் வண்ண மையும் இருந்தால் நாமும் அதைச் செய்யலாம்.

விலைக்கு வாங்க இயலாதோர் என்ன செய்வது? நம் நாட்டில் 1975ஆம் ஆண்டு முதல் பாடநூல் இரவல் திட்டம் உண்டு. கதை நூல்களை நாமே தேடிக்கொள்ளவேண்டும். பொது நூலகங்களை நாடலாம். இந்தியாவில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஸ்டோரிவீவர் என்னும் மின்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

ஆனால் மிகச் சிறந்த நூலை நாமே செய்யலாம். நியூசிலாந்தில் மவோரிப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்னும் ஆசிரியை, பிள்ளைகள் வாயிலிருந்து வந்த சொற்களைக் கொண்டே அவர்களுக்கு வாசிப்புக் கற்பித்தார். அதுபோல், தோட்டத்து அன்பர் ஒருவர் வகுப்புக்கு வந்து, தம் காலை வேலையைச் சொல்லட்டும். உளியைத் தீட்டுவது, நிரையில் மரத்துக்கு மரம் நடப்பது, மங்கில் பால் சொட்டுவது, ஒட்டுப்பால் சேர்ப்பது ஆகியவற்றைப் பிள்ளைகள் படமாக வரையட்டும். அவர்கள் சொல்லும் வரியை ஆசிரியர் கீழே எழுதட்டும். எட்டுத் தாள்களை நூலால் தைத்தால் ஒரு புத்தகம் ஆயிற்று.

வாங்கிய நூல்களை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள் என்று ஆசிரிய நண்பர்களை வேண்டுகிறேன். கை பட்டுக் கிழிந்த நூல் தன் கடமையைச் செய்தது. கிழியாமல் கறையான் அரித்த நூலால் யாருக்கும் பயனில்லை.

பெற்றோர்களே, 'எனக்குப் படிக்கத் தெரியாதே' என்று யாரும் ஒதுங்கவேண்டாம். படத்தைப் பார்த்துப் பேச எழுத்தறிவு வேண்டியதில்லை. இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் போதும். பாட்டி கேட்கலாம்: "இதுல யாரு இருக்கா? ஏன் அழறா? அப்புறம் என்ன ஆச்சு?" அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை கதை சொல்லும், கதை சொல்லக் கற்ற பிள்ளை, வாசிக்கவும் விரைவில் கற்கும்.

நாளை உங்கள் பிள்ளை ஒரு படத்தைக் காட்டி ஏதேனும் சொன்னால், 'அது புத்தகத்தில் இல்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லி இழந்தது போதும். அருகில் அமர்ந்து, அந்தச் சன்னலில் எரியும் விளக்கை நீங்களும் பாருங்கள்.